‘பதிவாகிவிட்டது’ என்று சொல்வதற்கு முன்

ரயிலில் படுக்கை பிடிக்கிறோம். வங்கியில் பணம் போடுகிறோம். மருத்துவமனை வரவேற்பில் பெயர் கொடுத்து டோக்கன் வாங்குகிறோம். மூன்று இடத்திலும் திரைக்குப் பின்னால் நடப்பது ஒரே வேலைதான். எங்கோ ஒரு கணினியில் இருக்கும் டேபிளில் புதிதாக ஒரு வரி சேர்கிறது. பெயர், வயது, தேதி, தொகை என்று நான்கைந்து கட்டங்கள் கொண்ட வரி. அதைச் சேர்க்கச் சொல்லும் கட்டளைதான் ‘இன்சர்ட்’. கணினி படிக்கிற பிள்ளைகள் எஸ்க்யூஎல் என்ற மொழியில் பாடம் தொடங்கியதுமே இதை எழுதிப் பார்த்துவிடுவார்கள். வேலை செய்கிறது என்று தெரிந்ததும் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள்.

அந்த ஒரு கட்டளைமேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு. நிரலுக்கு ஆயுள் குறைவு. பத்து ஆண்டில் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு மொழியில் புதிதாக எழுதுவார்கள். அது டேபிளில் சேர்த்த வரியோ அடுத்த நிரலுக்கும் அதற்கடுத்த நிரலுக்கும் கைமாறிக்கொண்டே இருக்கும். சரியாகப் போன வரியும் கைமாறும், கோணலாகப் போன வரியும் கைமாறும். பின்னால் உட்கார்ந்து திருத்துவது பெரும்பாடு. உள்ளே போகிற அந்த நொடியில்தான் கவனம் வேண்டும்.

டேபிள் என்ற வடிவத்துக்கு இலக்கணம் வகுத்தவர் எட்கர் காட். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் விமானம் ஓட்டிய கணிதக்காரர். கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் ஐபிஎம் ஆய்வகத்தில் இருந்தபோது 1970இல் அவர் வெளியிட்ட கட்டுரைதான், இப்படி டேபிள்களை வைத்துக் காக்கும் இன்றைய தரவுத்தளங்களுக்கு அடித்தளம். தரவு வட்டில் எந்த மூலையில் கிடக்கிறது என்ற கவலை நிரல் எழுதுபவருக்கு வேண்டாம், வரிகளும் கட்டங்களும் மட்டும் தெரிந்தால் போதும் என்றார். அதே நிறுவனத்தின் டொனால்டு சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974இல் அதற்கொரு மொழியைத் தந்தார்கள். அதுவே எஸ்க்யூஎல் ஆனது. 1986இல் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு அதை ஏற்றுக்கொண்டது.

ஒரு வரி உள்ளே போகும் வழியைப் பார்க்க போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை எடுத்துக்கொள்கிறேன். பெர்க்லியில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் குழு 1986இல் தொடங்கிய திட்டம் அது. அதன் மூல நிரலை யாரும் திறந்து படிக்கலாம் என்பதால், எதையும் ஊகிக்க வேண்டியதில்லை.

முதலில் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். நம் நிரல் வேறு, தரவுத்தளம் வேறு. பெரும்பாலும் இரண்டும் வேறு வேறு கணினியில் இருக்கும். நிரல் எழுத்து வடிவில் ஒரு கட்டளை அனுப்பும், தரவுத்தளம் அதைப் படித்துப் பிரித்துப் புரிந்துகொள்ளும். இப்படி:

இன்சர்ட் இன்டு பயணிகள் (பெயர், வயது) வேல்யூஸ் ('முருகன்', 34)

பெயர் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தரவுத்தளத்துக்குக் காட்டுவது அந்த ஒற்றை மேற்கோள் குறிகள்தான். பயனர் தட்டிய பெயரை எடுத்து, முன்னும் பின்னும் மேற்கோள் ஒட்டி, வாக்கியத்துக்குள் செருகி அனுப்புகிற பழக்கம் பலருக்கு உண்டு. முருகன் வந்தவரை எல்லாம் நன்றாகப் போகும். கோவா, மங்களூர்ப் பக்கத்திலிருந்து ஒரு டி'சூசா வருவார். அவர் பெயரை அப்படிச் செருகினால் 'டி'சூசா' என்று போய் நிற்கும். ‘டி’யோடு பெயர் முடிந்தது என்று தரவுத்தளம் நினைத்துக்கொள்ளும். மிச்சமிருக்கும் ‘சூசா’ அதற்கு விளங்காத கட்டளை. பிழை என்று திருப்பி அனுப்பிவிடும். ஒரு மனிதர் தன் சொந்தப் பெயரில் டிக்கெட் எடுக்க முடியாமல் போகிறது.

இது தற்செயலாக நடப்பது. வேண்டுமென்றே செய்தால் என்ன ஆகும்? ஒரு தளத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு ‘வாசகர்’ என்ற தகுதியை நிரலே எழுதிச் சேர்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெயர்ப் பெட்டியில் ஒருவர் இப்படித் தட்டுகிறார்:

ராஜா', 'நிர்வாகி') --

நிரல் அதை அப்படியே செருகினால் தரவுத்தளத்துக்குப் போய்ச் சேரும் வாக்கியம்:

இன்சர்ட் இன்டு பயனர்கள் (பெயர், தகுதி) வேல்யூஸ் ('ராஜா', 'நிர்வாகி') --', 'வாசகர்')

எஸ்க்யூஎல் மொழியில் இரட்டைக் கோட்டுக்குப் பின்னால் வருவது வெறும் குறிப்பு, தரவுத்தளம் அதைப் படிக்கவே படிக்காது. புதிதாக வந்தவர் ஒரே நொடியில் நிர்வாகி ஆகிவிட்டார். கடவுச்சொல் எதையும் அவர் உடைக்கவில்லை. பெயர் கேட்ட இடத்தில் கட்டளை கொடுத்தார், நிரலும் அதைக் கட்டளையாகவே கொண்டுபோய்ச் சேர்த்தது.

இந்தத் தாக்குதலை ஜெஃப் ஃபாரிஸ்டல் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் 1998 டிசம்பரிலேயே ‘ஃப்ராக்’ மின்னிதழில் விவரித்துவிட்டார். அதற்குப் பத்து ஆண்டு கழித்து, அமெரிக்காவின் ஹார்ட்லேண்ட் பேமெண்ட் சிஸ்டம்ஸ் நிறுவனத்துக்குள் இதே வழியாக நுழைந்து சுமார் 13 கோடி அட்டை எண்களைத் திருடினார்கள். தலைமை தாங்கிய ஆல்பர்ட் கோன்சாலஸுக்கு 2010இல் 20 ஆண்டு சிறை. 2015இல் பிரிட்டனின் டாக்டாக் தொலைத்தொடர்பு நிறுவனத்தில் ஏறக்குறைய 1,57,000 வாடிக்கையாளர்களின் விவரம் போனதும் இதே ஓட்டை வழியாகத்தான். அதற்கு 4 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தார்கள். மருந்து எல்லோருக்கும் தெரிந்த பிறகும் நோய் தொடர்வதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

மருந்து சின்னது. வாக்கியத்தையும் மதிப்பையும் சேர்த்து அனுப்பக் கூடாது. போஸ்ட்கிரெஸில் இதற்கென்றே தனித்தனிச் செய்திகள் இருக்கின்றன. முதல் செய்தியில் வேல்யூஸ் ($1, $2) என்று இடம் விட்ட வாக்கியம் மட்டும் போகும். தரவுத்தளம் அதைப் படித்து, இலக்கணம் பிரித்து முடித்துவிடும். மதிப்புகள் அடுத்த செய்தியில், ஒவ்வொன்றும் எத்தனை பைட் என்ற நீளத்தோடு போகும். நீளம் சொல்லியாகிவிட்டதால் பெயர் எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க மேற்கோள் குறியே தேவையில்லை. டி'சூசா டி'சூசாவாகவே உள்ளே போவார். ராஜா தட்டிய சரமும் ஒரு வினோதமான பெயராக மட்டும் பதிவாகும். ஜாவா, பைத்தான், பிஎச்பி என்று எந்த மொழியை எடுத்தாலும் இந்த வசதி உண்டு. மேற்கோள் குறிகளைத் தேடிப் பிடித்து நீக்குகிறேன் என்று சொந்தமாக வடிகட்டி எழுதுவது இதற்கு மாற்று ஆகாது.

இலக்கணம் சரி என்றதும் உள்ளே விட்டுவிடுவதில்லை. டேபிளுக்கென்று விதிகள் இருக்கும்: வயது காலியாக இருக்கக் கூடாது, ஒரு பெட்டியில் ஒரு படுக்கை ஒரு தேதியில் ஒருவருக்குத்தான், இல்லாத ரயிலுக்கு டிக்கெட் கிடையாது. இவற்றை நிரலிலேயே பார்த்துக்கொள்கிறோமே, டேபிளிலும் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு.

அவர்களுக்கு அந்தப் படுக்கையையே காட்டலாம். நிரல் முதலில் ‘23ஆம் படுக்கை காலியா’ என்று கேட்கிறது. காலி என்று பதில் வருகிறது. பிறகு இன்சர்ட் அனுப்புகிறது. கேள்விக்கும் இன்சர்ட்டுக்கும் நடுவே சில மில்லிநொடி இருக்கிறது. அதற்குள் மதுரையிலிருந்து இன்னொருவர் அதே கேள்வி கேட்டு, அதே பதில் வாங்கியிருப்பார். இரண்டு நிரலும் தன்னளவில் சரியாகத்தான் நடந்துகொண்டன. ஆனால் ஒரே படுக்கைக்கு இரண்டு பேர். நிரலில் எத்தனை முறை சரிபார்த்தாலும் இந்த இடைவெளி மூடாது. ஒரே மதிப்பு இரண்டு முறை வரக் கூடாது என்ற தனித்துவ விதி டேபிளில் இருந்தால் கதை வேறு. இரண்டாவது இன்சர்ட்டை போஸ்ட்கிரெஸ் அப்படியே நிறுத்தி வைக்கும். முதலாமவர் வேலையை முடித்து உறுதி செய்தால், இரண்டாமவருக்கு 23505 என்ற பிழை எண் போகும். முதலாமவர் பணம் கட்டாமல் விலகினால், காத்திருந்தவர் உள்ளே போவார். சண்டையே வராமல் தீர்ப்பு சொல்லக்கூடிய இடம் டேபிள் ஒன்றுதான், ஏனென்றால் எல்லா நிரலும் வந்து சேரும் இடம் அது.

விதிகளைக் கடந்த வரிக்கு இனி இடம் வேண்டும். போஸ்ட்கிரெஸ் டேபிள்களை 8192 பைட் கொண்ட பக்கங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் முதல் 24 பைட் பக்கத்தின் சொந்தக் கணக்குக்கு. வரிகள் பக்கத்தின் அடியிலிருந்து மேலே அடுக்கிக்கொண்டு வரும். எந்த வரி எங்கே தொடங்குகிறது என்று காட்டும் 4 பைட் சுட்டிகள் மேலிருந்து கீழே வளரும். இரண்டும் நடுவில் நெருங்கிவிட்டால் பக்கம் நிறைந்தது. வரியின் தலையில் 23 பைட் முகப்பு ஒன்று இருக்கும். அதில் இந்த வரியைச் சேர்த்த பரிவர்த்தனையின் எண் இருக்கும் (ஒன்றாகவே உறுதியாகும் அல்லது ஒன்றாகவே ரத்தாகும் கட்டளைத் தொகுப்புதான் பரிவர்த்தனை). அந்தப் பரிவர்த்தனை ‘கமிட்’ ஆகும்வரை, அதாவது உறுதியாகும்வரை, வரி பக்கத்தில் கிடந்தாலும் மற்றவர் கண்ணுக்குத் தெரியாது. நடுவில் ரத்தானால் போஸ்ட்கிரெஸ் வரியை அழிக்க ஓடுவதில்லை. ‘இந்த எண் ரத்து’ என்று ஓரிடத்தில் குறித்துக்கொள்ளும், குப்பையைப் பிறகு ‘வேக்யூம்’ என்ற வேலை வந்து கூட்டும்.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கலைச் சொல்லியாக வேண்டும். வரிசை எண்ணைத் தரவுத்தளமே தானாகத் தரும் வசதி உண்டு. ரத்தான இன்சர்ட்டுக்குக் கொடுத்த எண் திரும்பி வராது. 101, 102, 104 என்று ஓட்டை விழும். ஒவ்வொருவரும் மற்றவருக்காகக் காத்திராமல் இருக்க அப்படி அமைத்திருக்கிறார்கள், அதில் குற்றமில்லை. ஆனால் ஜிஎஸ்டி விதி 46, விலைப்பட்டியல் எண்கள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்கிறது. தானியங்கி எண்ணையே பில் எண்ணாகப் போட்டுவிட்டு, தணிக்கைக்காரர் 103 எங்கே என்று கேட்கும்போது விழிப்பதைவிட, பில் எண்ணுக்குத் தனி ஏற்பாடு செய்வது நல்லது.

இவ்வளவும் நடந்தது கணினியின் நினைவகத்தில். மின்சாரம் போனால் எல்லாம் போச்சு. அப்படியானால் வரியை எப்போது வட்டில் எழுதுவது? உடனே அந்தந்தப் பக்கத்தைத் தேடிப் போய் எழுதினால் வேகம் செத்துவிடும். ஒரு வரிக்கு டேபிளில் ஒரு பக்கம், தேடலை வேகப்படுத்தும் ஒவ்வொரு இன்டெக்ஸிலும் ஒரு பக்கம் என்று வட்டு முழுக்க அலைய வேண்டும். மண்டிக்கடையில் கணக்குப்பிள்ளை செய்வதைத்தான் தரவுத்தளமும் செய்கிறது. வியாபாரம் நடக்கும்போது வரவு செலவைச் சிட்டையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிடுவார். கூட்டம் ஓய்ந்த பிறகு பேரேட்டைப் பிரித்து ஆளாளுக்கு உரிய பக்கத்தில் ஏற்றுவார். போஸ்ட்கிரெஸின் சிட்டைக்கு ‘ரைட் அஹெட் லாக்’ என்று பெயர். மாற்றம் எதுவானாலும் முதலில் அதன் கடைசியில் போய்ச் சேரும். கமிட் என்றால் சிட்டை வட்டில் பதிந்துவிட்டது என்று பொருள், பேரேடு பிறகு நிதானமாக ஏறும். நடுவில் கணினி நின்றுபோனால், மறுபடி எழும்போது சிட்டையைப் படித்து விட்டுப்போனதை ஏற்றிக்கொள்ளும்.

இந்த மீட்பு முறைக்கு உறுதியான கோட்பாடு தந்தவர்களில் ஒருவர் நம் ஊரோடு தொடர்புள்ளவர். சென்னை ஐஐடியில் வேதிப்பொறியியல் படித்த சந்திரசேகரன் மோகன், அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வகத்தில் சகாக்களோடு உருவாக்கியது ‘ஏரிஸ்’ என்ற முறை. அதை விவரிக்கும் கட்டுரை 1992இல் வந்தது. ஐபிஎம்மின் டிபி2, மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் ஆகியவை அந்த வழியில் நடப்பவை. போஸ்ட்கிரெஸ் அதிலிருந்து சில இடங்களில் விலகினாலும், சிட்டை முந்த வேண்டும் என்ற அடிப்படையில் மாற்றமில்லை. கணினி மாணவர்கள் அந்தக் கட்டுரையை ஒருமுறையாவது படிக்க வேண்டும் என்பேன்.

‘வட்டில் பதிந்துவிட்டது’ என்பது சொல்லுகிற அளவுக்கு எளிதா? நிரல் எழுதச் சொன்னதும் இயக்குதளம் அதைத் தன் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு ‘ஆச்சு’ என்று சொல்லிவிடும். நிஜமாகவே வட்டுக்கு அனுப்பு என்று வற்புறுத்த ‘எஃப்சிங்க்’ என்ற தனி அழைப்பு இருக்கிறது. தரவுத்தளம் ஒவ்வொரு கமிட்டின்போதும் அதை அழைத்து, பதில் வரும்வரை காத்திருக்கும். 2018இல் போஸ்ட்கிரெஸ் குழுவுக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. லினக்ஸில் எஃப்சிங்க் ஒருமுறை தோற்றால் பிழை சொல்லும். மறுபடி அழைத்தால், எழுதப்படாத பக்கங்களை ‘எழுதியாயிற்று’ என்று ஏற்கெனவே கணக்கிலிருந்து நீக்கிவிட்டபடியால், வெற்றி என்று சொல்லிவிடும். தோற்றால் திரும்ப முயன்று பார்த்தால் போதும் என்று போஸ்ட்கிரெஸ் ஆண்டுக்கணக்காக நம்பியிருந்தது. 2019 பிப்ரவரியில் வந்த திருத்தத்துக்குப் பிறகு, எஃப்சிங்க் ஒருமுறை தோற்றாலே போஸ்ட்கிரெஸ் தன்னை நிறுத்திக்கொண்டு, சிட்டையிலிருந்து எல்லாவற்றையும் மீண்டும் ஏற்றுகிறது. நம்பமுடியாத பதிலோடு ஓடிக்கொண்டிருப்பதைவிட நின்றுவிடுவது மேல் என்ற அந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தது.

வேகத்தின் கணக்கும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. ரிச்சர்ட் ஹிப் 2000இல் எழுதிய எஸ்க்யூலைட் பல கைபேசிச் செயலிகளுக்குள்ளே இருக்கும் தரவுத்தளம். அதன் ஆவணம் ஒரு கணக்குச் சொல்கிறது. நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் வட்டு நொடிக்கு 120 சுற்று சுற்றும். ஒரு கமிட்டுக்கு இரண்டு முழுச் சுற்று வேண்டும். ஆக, நொடிக்குச் சுமார் 60 கமிட்தான். அதே கணினியில் எல்லா இன்சர்ட்டையும் ஒரே பரிவர்த்தனைக்குள் கட்டிப் போட்டால் நொடிக்கு 50,000 வரி போகும். இன்றைய எஸ்எஸ்டி வட்டுகளில் எண்கள் மாறும், காரணம் மாறாது. பல இணைப்பு நூலகங்கள், நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், ஒவ்வொரு இன்சர்ட்டுக்கும் ஒரு கமிட் செய்துவிடும். தூரமும் சேர்ந்துகொள்ளும். சென்னைக்கும் மும்பைக்கும் நேர்க்கோட்டில் சுமார் 1,030 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். போய்வரக் குறைந்தது 10 மில்லிநொடி. 10,000 வரியை ஒவ்வொன்றாக அனுப்பிப் பதிலுக்குக் காத்திருந்தால் பயணத்துக்கே 100 நொடி. கூட்டமாக அனுப்புங்கள்.

கமிட் ஆனது, வட்டில் பதிந்தது, தரவுத்தளம் ‘சரி’ என்று பதில் அனுப்பியது. அந்தப் பதில் வழியிலேயே தொலைந்தால்? இணைப்பு அறுந்தது என்பது மட்டும் நிரலுக்குத் தெரியும். வரி உள்ளே போனதா, போகும் முன்பே அறுந்ததா என்று அதனால் சொல்ல முடியாது. மறுபடி அனுப்பினால் ஒரே கட்டணம் இரண்டு முறை பதிவாகலாம். அனுப்பாவிட்டால் ஒருமுறைகூடப் பதிவாகாமல் போகலாம். ‘பணம் கட்டு’ பொத்தானை அழுத்திவிட்டு, சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தைப் பார்த்து நாம் தவிக்கிறோமே, அதே தவிப்பு நிரலுக்கும். வழி ஒன்று உண்டு. பொத்தானை அழுத்தும் முன்பே, அந்த ஒரு செயலுக்கென்று மறுபடி வராத அடையாள எண் ஒன்றை நிரல் உருவாக்கிக்கொள்ள வேண்டும். வரியோடு அதையும் சேர்த்து அனுப்பி, அந்தக் கட்டத்துக்குத் தனித்துவ விதி போட்டுவிட வேண்டும். பிறகு எத்தனை முறை அனுப்பினாலும் ஒரு வரிதான் நிற்கும். ‘ஏற்கெனவே இருந்தால் விட்டுவிடு’ என்று இன்சர்ட்டிலேயே சொல்லும் வசதி போஸ்ட்கிரெஸில் 2016இல் வந்த 9.5 பதிப்பிலிருந்து இருக்கிறது.

இனி நம் மொழிக்கு வருகிறேன், ஏனென்றால் இவ்வளவு கவனத்தோடு கட்டிய வழியிலும் தமிழ்ப் பெயர் தனியாக அடிபடுகிறது. ‘முருகன்’ என்பதில் நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் ம, உகரக் குறி, ர, உகரக் குறி, க, ன, புள்ளி என்று ஏழு குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 21 பைட். ஆரக்கிள் தரவுத்தளத்தில் பெயருக்கு 20 என்று அளவு கொடுத்தால், வேறு சொல்லாதவரை அது 20 பைட் என்றே பொருள்படும். நான்கெழுத்து முருகனுக்கு அதில் இடமில்லை. மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளம் பைட்டுகளை விட்டுக் குறியீடுகளை எண்ணும். 2015இல் வந்த 5.7 பதிப்புக்கு முன்பு, இயல்பான அமைப்பில், இடம் போதாவிட்டால் வாலை வெட்டிவிட்டு எச்சரிக்கை மட்டும் தந்து உள்ளே போட்டுவிடும். ஆறு இடமுள்ள கட்டத்தில் ‘முருகன’ என்று புள்ளியில்லாமல் நிற்கும். டேபிள் லத்தீன் எழுத்துக்கென்று அமைந்திருந்தால் ஏழு கேள்விக்குறிகள் மட்டும் பதிவாகும். கேள்விக்குறியிலிருந்து பெயரை மீட்க எந்தச் சிட்டையாலும் முடியாது.

இன்னொன்று, தனித்துவ விதியையே ஏமாற்றக்கூடியது. ‘கொ’ என்ற எழுத்தை ககரத்தோடு ஒகரக் குறி ஒன்று சேர்த்தும் எழுதலாம், எகரக் குறியும் கால் குறியும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். திரையில் வேறுபாடே தெரியாது. பைட்டுகளை ஒப்பிடும் தரவுத்தளத்துக்கு அவை இரண்டு வேறு பெயர்கள். ஒரே கொற்றவை இரண்டு முறை பதிவாவார். உள்ளே அனுப்பும் முன் எல்லாவற்றையும் ஒரே வடிவுக்கு மாற்றும் வசதி பல நிரல்மொழிகளில் இருக்கிறது, அதை அழைக்க ஒரு வரி போதும். ஸ்ரீ எழுத்துக்கு அதுவும் உதவாது. ஸகரத்தில் தொடங்கும் வடிவும், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கும் வடிவும் யூனிகோடின் கணக்கிலேயே வேறு வேறு. அதை நாமே விதி எழுதித்தான் சேர்க்க வேண்டும்.

நிரல் எழுதும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். சோதனைக்கு வைத்திருக்கும் பெயர்ப் பட்டியலில் முருகனையும் கொற்றவையையும் ஸ்ரீதேவியையும் டி'சூசாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்சர்ட் செய்ததோடு நிறுத்தாமல், அதே வரியைத் திரும்ப எடுத்து, ஒரு புள்ளிகூடக் குறையாமல் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.